கூட்ஸ் வண்டியைப் படம் எடுப்பது எப்படி? தண்டவாள ஓரம் நிற்க விரும்புபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வந்தே பாரத் எத்தனை மணிக்கு வரும் என்பதை செல்போனைப் பார்த்தே சொல்லிவிடலாம். கூட்ஸ் வண்டிக்கு அப்படி நேரம் கிடையாது. பயணிகள் ரயில்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் அது ஓடும். இடைவெளி இல்லையென்றால் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் லூப் லைனில் (மெயின் தடத்திலிருந்து பிரிந்து மீண்டும் சேரும் பக்கத் தடம்) ஒதுங்கி நிற்கும். அதனால் கூட்ஸ் வண்டியை எடுக்க ஆசைப்படுபவர் கேமராவைப் பழகும் முன் தடத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஷட்டர் வேகத்தை ஒரு மாலைக்குள் கற்றுக்கொள்ளலாம். சிக்னலும் ரயில்வே கேட்டும் என்ன சொல்கின்றன என்பது பிடிபட எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

நான் பெரும்பாலும் எடுப்பது திருச்சியைச் சுற்றி: விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் (chord, குறுக்குத் தடம்), தஞ்சாவூர் – திருவாரூர் – காரைக்கால் தடம். உதாரணங்களும் அங்கிருந்தே வரும். உங்கள் ஊர் ஜோலார்பேட்டையோ மணியாச்சியோ என்றாலும் முறை ஒன்றுதான்.

எங்கே நிற்கக் கூடாது

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். தண்டவாளத்தின் மீதும், அதை ஒட்டிய ஜல்லியிலும், ரயில் பாலங்களிலும் நிற்கக் கூடாது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், ஆபத்து அதைவிடப் பெரிது. கூட்ஸ் வண்டியில் சரியாகத் தாழிடாத வேகன் கதவு வெளியே ஆடிக்கொண்டு வரலாம். தார்ப்பாய்க் கயிறு அறுந்து சாட்டை போல வீசிக்கொண்டு வரலாம். நிலக்கரித் துண்டு தெறிக்கலாம். குறைந்தது 6 மீட்டராவது தள்ளி நிற்பது என் வழக்கம். அதற்கு இடமில்லாத இடத்தில் நான் எடுப்பதே இல்லை.

இரட்டைத் தடத்தில் இன்னொரு கவனம் வேண்டும். ஒரு கூட்ஸ் கடந்துகொண்டிருக்கும்போது அதன் இரைச்சலில் எதிர்த் தடத்தில் வரும் ரயிலின் சத்தம் கேட்காது. மின்சார எஞ்சின் விசை கொடுக்காமல் உருண்டு வரும்போது அருகில் வரும்வரை சத்தமே இருக்காது. காதில் ஹெட்போன் வேண்டாம். தனியாகப் போவதைவிட ஒரு நண்பரோடு போவது நல்லது. ஒருவர் கண்ணைக் கேமராவில் வைத்தால் மற்றவர் தடத்தைப் பார்ப்பார்.

மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே இழுத்துக்கொள்ளும். நடைமேம்பாலத்தில் நின்றுகொண்டு செல்ஃபி ஸ்டிக், மோனோபாட், குடை எதையும் வெளியே நீட்டக் கூடாது. ட்ரோன் யோசனையையும் விட்டுவிடுங்கள்.

சரி, எங்கே நிற்கலாம்? சாலை மேம்பாலம், கேட்டுக்கு வெளியே பொதுச் சாலை, தடத்துக்கு இணையாகப் போகும் ஊர்ச் சாலை, வயல் வரப்பு (உரிமையாளரிடம் கேட்டுவிட்டு), 10 ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்டோடு ஸ்டேஷன் நடைமேடை. நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான். அங்கே கேமராவை எடுக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், “சார், கூட்ஸ் வண்டி போட்டோ எடுக்கப் பிடிக்கும். இங்கே ஓரமாக நின்று எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் கிளம்பிவிட வேண்டும், வாதம் செய்யக் கூடாது. ரயில்வே பாதுகாப்புப் படையினர் வந்து கேட்டால் எடுத்த படங்களைக் காட்டுங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய் முனையம் ஆகியவற்றின் வளாகத்தைக் குறிவைக்கக் கூடாது. ராணுவ வாகனங்களை ஏற்றிய வண்டி வந்தால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள்.

எந்தத் தடம், என்ன சரக்கு

கூட்ஸ் வண்டி எங்கிருந்தோ தற்செயலாக வருவதில்லை. ஓர் இடத்தில் ஏற்றுகிறார்கள், இன்னோர் இடத்தில் இறக்குகிறார்கள். அந்த இரண்டு இடமும் தெரிந்தால் நடுவே எங்கே நிற்பது என்று முடிவு செய்யலாம்.

அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் இருப்பதால் கார்டு லைனில் சிமென்ட் வெளியே போகும், சூளைக்கு நிலக்கரி உள்ளே வரும். காரைக்கால் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியாக மேற்கே ஏறும். அறுவடை முடிந்ததும் நீடாமங்கலம், தஞ்சாவூர் போன்ற ஊர்களில் நெல் மூட்டைகள் லாரி லாரியாக வந்து வேகனில் ஏறி, அரைவைக்காக வெளி மாவட்டங்களுக்குப் போகும். வட சென்னையில் அத்திப்பட்டு பக்கம் நிலக்கரியும் கன்டெய்னரும். சங்ககிரி, இருகூர் பக்கம் பெட்ரோல், டீசல் டேங்கர்கள். வாலாஜாபாத்தில் கார்கள்.

வேகனின் உடலைப் பார்த்தே சரக்கைச் சொல்லப் பழகுங்கள். மேலே திறந்த, உயரமான பெட்டி பாக்ஸ்-என், பெரும்பாலும் நிலக்கரி. அடியில் கதவு திறந்து கொட்டும் புனல் போன்றது பி.ஓ.பி.ஆர்.என்.; அனல்மின் நிலையங்களுக்குப் போவது. மூடிய பெட்டி பி.சி.என். வகை, சிமென்ட், உரம், நெல், அரிசி. உருளையாக இருப்பது பி.டி.பி.என்., எண்ணெய். கன்டெய்னரைத் தாழ்வாகத் தாங்கி வருவது பி.எல்.சி. இந்தப் பெயர்கள் எல்லாம் வேகனின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

எஞ்சின் பெயரும் பயமுறுத்துவதில்லை. டபிள்யூ.ஏ.ஜி.-9 என்பதில் டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஏ என்றால் மாறுமின்சாரம், ஜி என்றால் கூட்ஸ். டீசல் என்றால் நடுவில் டி வரும். ரயில் ரசிகர்கள் இதை ‘வேக்-9’ என்று சுருக்கிவிடுவார்கள். எண் 31 அல்லது 32-ல் தொடங்கினால் வேக்-9. 27, 28-ல் தொடங்கினால் வேக்-7. இரண்டு எஞ்சினை ஒட்டவைத்தது போல நீளமாக, 60-ல் தொடங்கும் எண்ணோடு வந்தால் அது 12,000 குதிரைத்திறன் கொண்ட வேக்-12. பீகாரின் மாதேபுராவில் செய்தது. எஞ்சினின் பக்கவாட்டில் அதைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயரும் இருக்கும். ஈரோடு, அரக்கோணம் என்று நம் ஊர்ப் பெயர்களும் வரும், லாலாகுடா, காசிபேட் என்று தெலங்கானாப் பெயர்களும் வரும். பொன்மலை ஷெட்டின் பழைய ஆல்கோ வகை டீசல் எஞ்சின்களைப் புகையும் துடிப்புமாகப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. மின்மயமாக்கலுக்குப் பின் அவை அரிதாகிவிட்டன. கண்ணில் பட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை எடுங்கள்.

சூரியன் எந்தப் பக்கம்

இடம் பார்க்க முதல் முறை கேமரா இல்லாமல் போகலாம். தடம் எந்தத் திசையில் ஓடுகிறது, மின்கம்பங்கள் எந்தப் பக்கம், பின்னால் என்ன தெரிகிறது என்று மட்டும் பாருங்கள்.

மேற்கு நோக்கிப் போகும் ரயிலின் முகத்தில் மாலை வெயில் விழும். கிழக்கே போவதன் முகத்தில் காலை வெயில். காரைக்காலிலிருந்து வரும் நிலக்கரி வண்டி மேற்கே போவதால் அதை மாலையில் எடுப்பேன். காலியாகத் திரும்பும் பெட்டிகளைக் காலையில். கார்டு லைன் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இறங்குவதால் அங்கேயும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்: விழுப்புரம் நோக்கிப் போவதைக் காலையில், திருச்சி நோக்கி வருவதை மாலையில்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதில் நம் ஊருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ‘சூரியன் எப்போதும் தெற்கே’ என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வதை இங்கே நம்பக் கூடாது. தஞ்சாவூர் – திருவாரூர் போலக் கிழக்கு மேற்காக ஓடும் தடத்தில் மார்கழி, தை மாதங்களில் தெற்குப் பக்கம் நிற்க வேண்டும். சித்திரை தொடங்கி ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் வடக்குப் பக்கம்தான் வெளிச்சம். போன தையில் நன்றாக வந்த இடத்தில் ஆனியில் போய் நின்றால் ரயிலின் பக்கவாட்டு முழுக்க நிழலாக இருக்கும்.

வெயில் சாய்ந்திருக்கும் நேரமே நல்ல நேரம்: காலை எட்டரை வரை, மாலை நாலு மணிக்குப் பிறகு. உச்சி வெயிலில் கூரை வெளுத்து, சக்கரப் பகுதி கறுத்துவிடும். கோடையில் பத்து மணிக்கு மேல் தண்டவாளத்தின் மீது கானல் ஆடும். தூர லென்ஸில் எடுத்தால் எஞ்சின் நீரில் மிதப்பது போலக் குழம்பியிருக்கும். அது லென்ஸின் குறை இல்லை. அந்த நேரத்தில் கிட்டத்து லென்ஸைப் போடுங்கள், அல்லது இளநீர் குடித்துவிட்டு நிழலில் உட்காருங்கள்.

எனக்குப் பிடித்த மாதங்கள் கார்த்திகையும் மார்கழியும். டெல்டாவில் சம்பா பச்சைப்பசேலென்று நிற்கும். மழை கழுவிய வானம். கரி படிந்த பாக்ஸ்-என் வரிசை அந்தப் பச்சையை நடுவே வகுந்துகொண்டு போவதைப் பார்த்தவர்கள் வேறு மாதத்தில் அங்கே போக மாட்டார்கள்.

காத்திருப்பது, தடத்தைப் படிப்பது

இனி முக்கியமான பகுதி.

முதலில் ரயில்வேயின் ரயில் நேரம் காட்டும் என்.டி.இ.எஸ். செயலியில் அந்தத் தடத்தின் பயணிகள் ரயில்களை எல்லாம் பார்த்து, நீங்கள் நிற்கும் இடத்தை அவை எப்போது கடக்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வெற்றிடம் இருந்தால் அது கூட்ஸுக்கான வாசல். ஒரு எக்ஸ்பிரஸ் போன கையோடு பின்னாலேயே கூட்ஸ் வருவதும் வழக்கம். அதற்கு வழி விட்டு லூப்பில் நின்றிருந்த வண்டி கிளம்பி வரும். எக்ஸ்பிரஸ் போய்விட்டதே என்று பையைக் கட்டிவிடாதீர்கள்.

அப்புறம் கேட். உங்கள் தாளில் எந்தப் பயணிகள் ரயிலும் இல்லாத நேரத்தில் கேட் மூடினால் மனசு துள்ள வேண்டும். சிக்னலோடு இணைத்த கேட்டை மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். எனவே கேட் மூடிய பிறகு சிக்னலைப் பாருங்கள். சிவப்பு மஞ்சளாகவோ, இரட்டை மஞ்சளாகவோ, பச்சையாகவோ மாறினால் அந்தச் சிக்னல் யாருக்கு முகம் காட்டுகிறதோ அந்தத் திசையிலிருந்து வண்டி வருகிறது. இதை வைத்தே இடம், வலம் முடிவு செய்துகொள்ளலாம்.

ஸ்டேஷனின் ஹோம் சிக்னலில் (உள்ளே நுழைய அனுமதிக்கும் சிக்னல்) மஞ்சளோடு, மேலே சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள் வரிசையாக எரிந்தால் வரும் வண்டியை லூப்புக்குத் திருப்புகிறார்கள் என்று பொருள். அது கூட்ஸாக இருக்க நிறையவே வாய்ப்பு. மெதுவாக வளைந்து உள்ளே வரும், நிற்கும், பின்னால் வரும் ரயில் தாண்டிப் போனதும் திணறிக்கொண்டு கிளம்பும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது: ஒரே வண்டியை வரும்போது, நிற்கும்போது, கிளம்பும்போது என்று மூன்று முறை எடுக்கலாம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வண்டிகள் ஸ்டேஷனில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும் என்பதால் சாலியமங்கலம், கொரடாச்சேரி போன்ற சின்ன ஸ்டேஷன்கள் எனக்குப் பெரிய ஜங்ஷன்களைவிடப் பிடிக்கும்.

ஸ்டேஷன் ஊழியர் பச்சைக் கொடியோடு வெளியே வந்து நின்றால் நிற்காமல் போகும் வண்டி ஒன்று அருகில் வந்துவிட்டது. கடைசி நொடிகளில் மேலே கம்பி லேசாக அதிரும். தூரத்தில் ஹார்ன் கேட்கும்.

இத்தனையும் இருந்தும் சில நாள் மூன்று மணி நேரம் நின்றாலும் ஒன்றும் வராது. தண்ணீர், தொப்பி, கொறிக்க ஏதாவது வேண்டும். கேட் பக்கத்து டீக்கடைக்காரரிடம் பேசுங்கள். “இந்நேரத்துக்கு ஒரு கரி வண்டி போகும் தம்பி, இன்னிக்கு இன்னும் காணோம்” என்று அவர் சொல்லும் தகவல் எந்தச் செயலியிலும் இல்லை. கேட்கீப்பரிடம் மட்டும் வேலை நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் காதில் ஸ்டேஷன் போன் இருக்கும். அவர் கவனம் சிதறினால் சாலையில் நிற்பவர்களுக்கு ஆபத்து.

கேமரா அமைப்பு

கூட்ஸ் வண்டி மணிக்கு 75 கிலோமீட்டரில் வந்தால் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் நகர்கிறது. 1/100 நொடி ஷட்டரில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். 1/1000 நொடியில் 2 சென்டிமீட்டர்தான். ஆகவே 1/1000-இல் தொடங்குங்கள். காலை வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 200, லென்ஸ் துளை எஃப்/5.6 வைத்தால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

வெளிச்ச அளவைக் கையால் அமைத்துவிடுவது நல்லது. தானியங்கியில் விட்டால் எஞ்சினின் ஹெட்லைட்டைப் பார்த்துக் கேமரா ஏமாந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ரயில் வரும் முன்பே வெயில் பட்ட ஜல்லியையோ வயலையோ எடுத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும். புள்ளி எஞ்சினின் முன்கண்ணாடியில். ஃபிளாஷ் கூடவே கூடாது, லோகோ பைலட்டின் கண் கூசும்.

செல்போனில் எடுப்பவர்கள் வண்டி வரவேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். ரயில் சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. வயல், பனைமரம், வானம் எல்லாவற்றோடும் எடுங்கள். நல்ல செல்போன் படங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன.

எடுக்கும் நொடி

அடிப்படைப் படம் முக்கால் கோணம்: எஞ்சினின் முகமும் ஒரு பக்கமும் தெரிய, பின்னால் வேகன்கள் வரிசையாகத் தேய்ந்துகொண்டே போக வேண்டும். இதற்கு எதிரி மின்கம்பம். முன்பே ஒரு சோதனைப் படம் எடுத்து, எந்தக் கம்பத்தைத் தாண்டியதும் எஞ்சினின் முகம் மறைப்பில்லாமல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பத்தைத் தாண்டும் நொடியில்தான் பொத்தான். முன்னும் பின்னும் இரண்டு மூன்று படங்கள் தொடர்ச்சியாகப் போகட்டும்.

இரட்டைத் தடத்தில் ஒருமுறை இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். இரண்டு எஞ்சின் பூட்டிய சிமென்ட் வண்டி வளைவில் திரும்பிய அதே நேரம் என் பக்கத் தடத்தில் ஒரு பயணிகள் ரயில் வந்து முழுவதையும் மறைத்துவிட்டது. அன்றிலிருந்து எடுக்க வேண்டிய வண்டி எந்தத் தடத்தில் வரும் என்று பார்த்து அந்தப் பக்கமே நிற்கிறேன். நம் ரயில்கள் இடப்பக்கத் தடத்தில் ஓடுபவை, எனவே முன்கூட்டியே சொல்லிவிட முடியும். இல்லையென்றால் சாலை மேம்பாலத்தில் ஏறிவிடுவேன். மேலேயிருந்து பார்த்தால் நிலக்கரிக் குவியல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு மாதிரி சரிந்திருப்பது தெரியும்.

முக்கால் கோணம் கைவந்த பிறகு கேமராவை ரயிலோடு திருப்பி எடுத்துப் பாருங்கள். ஷட்டர் 1/40 அளவில். வேகன் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் வரும். பத்தில் ஒன்று தேறினாலே நல்லது. கூட்ஸ் இதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும்: 58 பாக்ஸ்-என் பெட்டிகள் கொண்ட வண்டி எஞ்சினோடு சேர்த்து ஏறக்குறைய 650 மீட்டர், 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் உங்களைக் கடக்க 39 நொடி ஆகும். முதல் 5 நொடி எஞ்சினுக்கு. மீதியில் வேகனின் துரு, சாக்பீஸ் கிறுக்கல், இரண்டு பெட்டிக்கு நடுவே மின்னி மறையும் எதிர்ப்பக்கத்து வயல் என்று தேடுங்கள்.

ஊரை விடாதீர்கள். ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சி டவுன் ஸ்டேஷனுக்கும் நடுவே கூட்ஸ் காவிரியைக் கடப்பதைக் கரையிலிருந்து பாருங்கள். தண்ணீர் வரும் ஆடியில் ஒரு படம், மணலாகக் கிடக்கும் பங்குனியில் ஒரு படம். ஒரே இடம்தான், இரண்டு வேறு ஆறு போல இருக்கும்.

கடைசிப் பெட்டியில் கார்டு இருப்பார். 2022-இலிருந்து அவர் பதவியின் பெயர் டிரெயின் மேனேஜர். பிரேக் வேனின் திண்ணையில் மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்து வருபவர். கேமராவை இறக்கிவிட்டுக் கையசையுங்கள், பெரும்பாலும் திருப்பிக் கையசைப்பார். லோகோ பைலட்டுக்கும் அப்படியே. முகம் தெளிவாகத் தெரியும் படத்தை இணையத்தில் போடும் முன் யோசியுங்கள். அவர்கள் வேலையில் இருப்பவர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

லென்ஸில் கரித்தூள் இருக்கும். துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதியால் ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

அன்றே ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும்: தேதி, நேரம், இடம், எஞ்சின் எண், ஷெட், வேகன் வகை, போன திசை. இடத்துக்கு மின்கம்பத்தின் எண் உதவும். அதில் கிலோமீட்டர் கணக்கும் இருக்கும். ஐம்பது வண்டி எழுதி முடித்தால் உங்கள் தடத்தில் எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்று ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். பயணிகள் நேரங்களை எழுதிய தாளோடு அதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

படத்தைப் பெரிதாக்கி வேகன் எண்ணையும் படியுங்கள். 11 இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேயின் சொத்து, ஐந்தாவதும் ஆறாவதும் செய்த ஆண்டு, அடுத்த நான்கு அதன் சொந்த எண், கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. நீடாமங்கலத்தில் நெல் ஏற்றிக் கிளம்பிய ஒரு வண்டியை அப்படிப் படித்துக்கொண்டே போனேன். 12, 14, 09 என்று வந்துகொண்டிருந்த வரிசையின் நடுவே ஒரு பெட்டியில் 98. பழைய பெயின்ட் மேல் புது பெயின்ட், அதன் மேல் யாரோ சாக்பீஸால் எழுதிய மூட்டைக் கணக்கு. அந்தப் பெட்டியின் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நெல் வண்டியிலும் இப்போது அதைத் தேடுகிறேன்.